ரோதைக்கு வைத்த பொட்டு

1958ஆம் ஆண்டு டயரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பக்கம். "மழை இல்லை. மதியம் இரண்டே காலுக்கு லொறியில் கிளப்புக்குப் போனேன். இஞ்சின்காரரும் வந்தார். ஐந்து மணிக்குத் திரும்பினோம்." இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். நான்கு வாக்கியங்களிலும் பொய் இல்லை. நேரங்களைக் கைக்கடிகாரம் பார்த்துத்தான் குறித்தேன். அன்றைக்கு நடந்தது மட்டும் அதில் இல்லை. ஏழு வருடமாக அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கை கொஞ்சம் வேகமாகப் புரட்டுகிறது.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. திம்புள்ளப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஸ்டோர் கிளாக்கராக இருந்தேன். தேயிலைத் தொழிற்சாலையைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். என் அப்பா றொசல்லவுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் கங்காணி. நான் பிறந்தது தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து அறையில். அட்டனில் படித்து, ஆங்கிலத்தில் கடிதம் எழுதப் பழகி, கால்சட்டை போட்டு நாற்காலியில் உட்கார்ந்தவன். காலை வெப்பநிலை, மழை அளவு, வந்த கொழுந்தின் எடை, பேசியவர்கள், பேசியது என்று எல்லாவற்றையும் அன்றன்றே டயரியில் எழுதிவிடுவேன். ஒழுங்கான மனிதன் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் துரைமார் கிளப்புக்கு ஒரு பின்பால் விளையாட்டு மெஷின் வாங்கினார்கள். எங்கள் தோட்ட நிர்வாகியான பெரியதுரைதான் கிளப்புக்குச் செயலாளர். கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கப்பல்காரரிடமிருந்து வாங்கியது என்று சொன்னார். மரப்பெட்டிக்குள் வைக்கோல் சுற்றி ரயிலில் நானுஓயாவுக்கு வந்து, அங்கிருந்து எங்கள் லொறியில் ஏறியது. அமெரிக்காவில் செய்தது. நூற்றுப்பத்து வோல்ட்டில் ஓடுவது. இங்கே அப்படியே மாட்டினால் எரிந்துவிடும். அதனால் வோல்ட்டைக் குறைக்கும் பெட்டி ஒன்றைப் பொருத்திச் சோதிக்க முதலில் எங்கள் ஸ்டோருக்குக் கொண்டுவந்தார்கள். இஞ்சின் அறையின் மூலையில் பத்தொன்பது நாள் இருந்தது.

நாலு இரும்புக் கால் மேல் கொஞ்சம் சாய்வாக நிற்கும் நீளப் பெட்டி. மேலே கண்ணாடி. வலது ஓரத்தில் ஸ்பிரிங் வைத்த கைப்பிடி. அதை இழுத்து விட்டால் ஓர் இரும்புக் குண்டு மேலே ஓடி, ரப்பர் வளையம் போட்ட தூண்களில் மோதி மோதிக் கீழே உருளும். ஒவ்வொரு மோதலுக்கும் மணி அடிக்கும், எண்கள் எழுதிய சக்கரங்கள் கடகடவென்று திரும்பும். குண்டு கீழே விழுந்துவிடாமல் தட்டிவிடப் பக்கத்துக்கு ஒரு பொத்தான். பெட்டியைப் பிடித்து ஆட்டி ஏமாற்ற முடியாது. உள்ளே ஒரு சிறு எடை தொங்குகிறது. ஆட்டினால் அது சுற்றியிருக்கும் வளையத்தில் பட்டு, விளக்கெல்லாம் அணைந்து, அந்த ஆட்டம் அத்தோடு முடிந்துபோகும். நிமிர்ந்து நிற்கும் பின்பலகைக் கண்ணாடியில் ஒரு படம். கடல், பாய் விரித்த கப்பல், திறந்த நகைப் பெட்டி, தலையில் சிவப்புத் துணியும் ஒரு கண்ணில் கறுப்புத் துணியும் கட்டிய மீசைக்காரன், வளைந்த கத்தி, அவன் தோளில் சாய்ந்திருக்கும் ஒரு பெண். கடற்கொள்ளைக்காரன். ஸ்டோர் ஆட்கள் அந்த மெஷினுக்கு மணிப்பெட்டி என்று பெயர் வைத்தார்கள்.

இஞ்சின்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒடிசலான மனிதர். ஸ்டோரின் பெரிய இஞ்சினை ஓட்டுவதும் துடைப்பதும் அவர் வேலை. பெல்ட் எங்கே வழுக்குகிறது, எந்தப் பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை என்பதை முற்றத்தில் நின்றே காதால் சொல்லிவிடுவார். அவர்தான் ரோதமுனிக்குப் பூசாரியும். ரோதை என்றால் சக்கரம். ஸ்டோரில் ஓடும் சக்கரங்களையெல்லாம் காக்கிற சாமி ரோதமுனி. எங்கள் ஸ்டோரில் அவர் இஞ்சின் அறையின் பின்சுவர் ஓரம் ஒரு முழ உயரக் கல்லாக இருந்தார். தினமும் காலையில் இஞ்சின்காரர் கல்லுக்குச் சூடம் காட்டிவிட்டு வாசலில் வந்து நின்று, "பூசை ஆச்சு, ஓட்டலாம்" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் ரோலர்காரர்கள் கொழுந்தைக் கசக்கிச் சுருட்டும் அந்த மெஷினில் கை வைப்பார்கள். ரோலரில் விரல் போனவர்கள் இரண்டு பேர் அந்த ஸ்டோரிலேயே இருந்தார்கள். அவர் வாய்ச்சொல்லை நம்பித்தான் மற்றவர்கள் விரலை நீட்டினார்கள் என்றால் மிகையில்லை.

லயத்தில் இருந்திருந்தால் அவரை நான் மாமா என்றுதான் கூப்பிட்டிருப்பேன். கிளாக்கரான பிறகு எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே பேசப் பழகிக்கொண்டேன். தனியாக இருக்கும்போது நீங்க, வாங்க. துரை பக்கத்தில் இருந்தால் நீ, வா. அவர் என்னை எப்போதும் ஐயா என்பார்.

மின்வேலைக்காரர் நுவரெலியாவிலிருந்து வந்து வோல்ட் பெட்டியைப் பொருத்திய நாளில் மெஷின் முதல்முறை ஒளிர்ந்தது. பின்பக்கப் பலகை திறந்திருந்தது. இஞ்சின்காரர் கைவிளக்கைப் பிடித்து உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு சுருள் இழுக்க, ஒரு தகடு தட்ட, ஒரு பல்சக்கரம் ஒரு பல் மட்டும் நகர, அடுத்தது அதைப் பிடித்துக்கொள்ள, எல்லாம் டக் டக்கென்று நடந்தது.

"எத்தனை ரோதைங்க ஐயா உள்ள! நம்ம இஞ்சினு மாடு மாதிரி ஒரே இழுப்பா இழுக்குது. இது பாருங்க, ஒண்ணு சொன்னாத்தான் ஒண்ணு கேக்குது."

"வெளையாட்டு மெஷின்தான். வேலைக்கு ஒதவாது" என்றேன்.

"வேல செய்யாத ரோதைக்கே இவ்வளவு புத்தி வச்சிருக்கான்."

ரோலர்காரர்களில் ஒருவர் எட்டிப் பார்த்து, "பூசாரி, அந்தப் படத்துல உள்ள பொம்பளயப் பாக்காம பின்னால போயி என்னத்தப் பாக்குறீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தோம். இஞ்சின்காரரும் சிரித்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போய், கல்லடியிலிருந்து குங்குமம் எடுத்து வந்து, மெஷினின் முன்பலகையில் காசு போடும் துளைக்கு மேல் ஒரு பொட்டு வைத்தார். முன்கால் அடியில் ஓர் எலுமிச்சம்பழம். ஒரு துண்டுச் சூடம். அவ்வளவுதான். புதிதாக வரும் எந்த மெஷினுக்கும், புது ரோலருக்கும், சல்லடைக்கும் அவர் அதைத்தான் செய்வார். சரஸ்வதி பூசைக்கு என் தட்டச்சு மெஷினில் நான் என்ன செய்கிறேனோ அதுவேதான். அன்று எனக்கு அதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை. டயரியில் கூட, "மெஷின் ஓடுகிறது. பொட்டு வைத்தாயிற்று" என்றுதான் எழுதியிருக்கிறேன்.

மறுநாள் பெரியதுரை அலுவலகத்துக்கு வந்து, தன் கொள்ளைக்காரன் எப்படி இருக்கிறான் என்று கேட்டார். நல்ல மனநிலையில் இருந்தார். "நன்றாக இருக்கிறார் சார், இஞ்சின்காரன் அவரைச் சாமி என்று நினைத்துச் சூடம் கொளுத்திவிட்டான்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. ஒன்பது வருடம் அவருக்குக் கீழே வேலை செய்தேன். அந்த ஒன்பது வருடத்தில் அவர் என்னிடம் எடை கேட்டிருக்கிறார், கடிதம் கேட்டிருக்கிறார், தவறுக்கு விளக்கம் கேட்டிருக்கிறார். நான் சொன்ன எதற்கும் சிரித்ததில்லை. அன்று மேசையைத் தட்டிச் சிரித்தார். என் தோளிலும் ஒருமுறை தட்டினார். அந்தத் தட்டு அன்று மாலைவரை தோளில் இருந்தது.

மெஷின் கிளப்புக்குப் போன வாரம் துரை என்னைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் விருந்தாம். அந்த இஞ்சின்காரனை அழைத்துவந்து, கொள்ளைக்காரனைக் கும்பிடச் சொல்ல வேண்டுமாம். பேச்சை நான் மொழிபெயர்க்க வேண்டும். சரி சார் என்றேன்.

இஞ்சின்காரரிடம் போய், மணிப்பெட்டி புது இடத்துக்குப் போயிருக்கிறது, துரை பூசை போடக் கூப்பிடுகிறார் என்று சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார். சந்தோஷத்துக்கு வேறு காரணமும் இருந்தது.

"நல்லதாப் போச்சுங்க ஐயா. துரைகிட்ட நேர்ல ஒண்ணு கேக்கணும்னு ஒரு மாசமா தவிச்சிக்கிட்டு இருக்கேன். பின்செவுத்த ஒடைக்கப் போறாங்களாமே?"

உண்மைதான். புதிதாகத் தேயிலை காய வைக்கும் மெஷின் வருவதற்காக இஞ்சின் அறையின் பின்சுவரை இடிக்கத் திட்டம் இருந்தது. தலவாக்கலையிலிருந்து கட்டட வேலைக்கு ஆட்கள் வரப்போகிறார்கள். நாள் குறிக்கவில்லை.

"செவுத்த ஒடைக்க வேணாம்னு சொல்லல. ஒடைக்கிறதுக்கு மூணு நாளைக்கு முந்திச் சொன்னாப் போதும். முறையா பூசை பண்ணி, கல்ல எடுத்து வெளிய மரத்தடியில வச்சிக்கிறோம். சொல்லாம இடிச்சுப் போட்டாங்கன்னா பொடியனுங்க ரோலருல கை வைக்கப் பயப்படுவானுங்க. இத ஒரு வார்த்தை நீங்க துரைகிட்ட சொல்லிக் குடுத்தீங்கன்னா போதும்."

"அன்னைக்கே சொல்லிருவோம்" என்றேன். உண்மையாகவே சொல்லத்தான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் காலையிலிருந்து சாப்பிடாமல், குளித்து, வெளுத்த வேட்டியும் கறுப்புக் கோட்டும் போட்டு வந்தார். தோள் துண்டில் எலுமிச்சம்பழமும் சூடமும் முடிந்திருந்தது. கிளப்பின் பின்வாசல் வழியாகப் போனோம். உள்ளே பதினைந்து பேர் இருந்தார்கள். ஆறு பெண்கள். சாப்பாடு முடிந்திருந்தது. மெஷின் பெரிய சன்னல் ஓரம் நின்றது. பொட்டு அப்படியே இருந்தது. இஞ்சின்காரர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் சலாம் சொன்னார்.

இந்தச் சாமி யார் என்று அவனைக் கேள் என்றார் துரை.

நான் கேட்டேன். "இந்தப் படத்துல இருக்கிறது யாருன்னு துரை கேக்குறாரு. சொல்லு."

இஞ்சின்காரர் படத்தை ஒழுங்காகப் பார்த்தார். "படத்துலங்களா? யாரோ கள்ளப்பய மாதிரி தெரியுதுங்க. ஒத்தக் கண்ணு, கையில கத்தி. கூட நிக்கிற பொம்பளயும் குடும்பம் நடத்துற மாதிரி தெரியல. நமக்கு எதுக்குங்க ஐயா அவன்? நான் பொட்டு வச்சது உள்ள ஓடுற ரோதைக்குத்தானே."

இதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் அவர்கள் சிரித்திருப்பார்கள். அவரோடு சேர்ந்து சிரித்திருப்பார்கள். இப்போது அது எனக்குத் தெரிகிறது. அன்று பதினைந்து முகங்களும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. துரையின் முகத்தில் சிரிப்பு தயாராக இருந்தது. நான் சொன்னது இது: "சக்கரங்களுக்கெல்லாம் பெரிய சாமி இவர்தானாம். எல்லாவற்றையும் பார்க்க ஒரு கண்ணே போதும் என்பதால் மற்றக் கண்ணைக் கட்டி வைத்திருக்கிறாராம். பக்கத்தில் நிற்பது இரண்டாவது மனைவியாம்."

ஒரு பெண் கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இன்னும் கேள், இன்னும் கேள் என்றார்கள். கேட்டேன். அவர் சொன்னதற்கும் நான் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லாமல் போயிற்று. சூடம் காட்டச் சொன்னபோது அவர் கொஞ்சம் தயங்கினார். "இங்க சாமி இல்லையேங்க. சரி, ஓடுற மெஷினு. ரெண்டு விநாடி காட்டிட்டுப் போவோம்." காட்டினார். இரண்டு கையாலும் பெட்டியின் ஓரங்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். அவர் தொட்டதில் உள்ளே எடை ஆடி வளையத்தில் பட்டது. விளக்கெல்லாம் பொட்டென்று அணைந்தன. அறை அதிரச் சிரிப்பு. யாரோ படம் பிடித்தார்கள்.

அவர் பின்வாங்கி என்னைப் பார்த்தார். "நான் ஒண்ணும் பண்ணலீங்களே ஐயா? சும்மாதான் தொட்டேன்."

"ஒண்ணுமில்ல. அது அப்படித்தான்."

"அப்ப அந்தச் செவுரு விஷயம்..."

துரையைப் பார்த்துக் கைகூப்பி அவரே சொல்லத் தொடங்கிவிட்டார். சுவர், கல், மூன்று நாள், மரத்தடி. ஒரு நிமிடத்துக்கு மேல் பேசினார். துரை கண்ணைத் துடைத்துக்கொண்டே, என்ன சொல்கிறான் என்று என்னிடம் கேட்டார். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. அந்த இடத்தில் சுவரையும் கல்லையும் கொண்டுவந்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. "சாமியைத் திரும்ப ஸ்டோருக்கே அனுப்பிவிடச் சொல்கிறான் சார். இல்லாவிட்டால் ரோலர் ஓடாதாம்" என்றேன்.

அறை மறுபடியும் சிரித்தது. நிச்சயமாக, நிச்சயமாக என்று சொல் என்றார் துரை. அவர் தலையை ஆட்டியதை இஞ்சின்காரர் தன் கண்ணால் பார்த்தார்.

"சரின்னுட்டாரு" என்றேன்.

லொறியில் வரும்போது அவர் தேயிலை மலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். தோட்டத்து வாசல் திருப்பத்தில் கேட்டார்.

"ஐயா, நான் சொன்னதத்தான் அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"ஆமா."

"செவுரு விஷயத்தையும்?"

"அதுக்குத்தானே துரை சரின்னாரு. நீங்களே பாத்தீங்கல்ல."

"பாத்தேங்க" என்றார்.

மறுநாள் காலை ஸ்டோர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. துரை பூசாரிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார், மூன்று நாளைக்கு முன்னால் சொல்லாமல் சுவரில் கை வைக்கமாட்டார்கள் என்று. ரோலர்காரர்கள் அவரைக் கேலி செய்தார்கள். "பூசாரி துரையோட பெஞ்சுல ஒக்காந்து டீ குடிச்சிட்டு வந்துட்டாரு. இனிமே நமக்கெல்லாம் சலாம் போடமாட்டாரு." கேலியில் பெருமையும் இருந்தது. அடுத்த மூன்று நாள் என் டயரியில், "துரையிடம் சுவர் பற்றிப் பேச வேண்டும்" என்று இருக்கிறது. நான்காம் நாளிலிருந்து அந்த வரி இல்லை. பேசினால், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். கேட்டால் நான் கிளப்பில் சொன்னதெல்லாம் கட்டுக்கதை என்று தெரிந்துவிடும். மெனக்கெட்டுச் சம்பாதித்த சிரிப்பைத் திருப்பிக் கொடுக்க நான் தயாராக இல்லை. துரை நியாயமான மனிதர். மூன்று நாள் கேட்டால் ஒரு வாரம் கொடுத்திருப்பார். அந்த வேண்டுகோள் அவரிடம் போய்ச் சேரவே இல்லை.

கிளப்புக்குப் போய்ப் பதினோராவது நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் கட்டட ஆட்கள் வந்து பின்சுவரை இடித்தார்கள். இஞ்சின்காரர் லயத்திலிருந்து திரும்பியபோது சுவர் இருந்த இடத்தில் வெளிச்சமாக இருந்தது. கல்லையும் மண்ணோடு சேர்த்து ஆற்றுப் பள்ளத்தில் கொட்டிவிட்டிருந்தார்கள். ரோலர்கள் நின்றன. முப்பது பேருக்கு மேல் அலுவலக வாசலுக்கு வந்தார்கள். இஞ்சின்காரர் முன்னால் நின்றார். அவர் முகத்தில் கோபத்தைவிட நம்பிக்கைதான் இருந்தது. ஏதோ தவறு நடந்துவிட்டது, கேட்டால் துரை சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கை.

துரை வெளியே வந்தார். அவர்கள் சொன்னதை மொழிபெயர்த்தேன். அன்று ஒரு சொல்லும் மாற்றவில்லை. துரை உண்மையாகவே திகைத்தார். என்னிடம் யாரும் எந்தக் கல்லைப் பற்றியும் கேட்டதில்லை என்றார். அதையும் சரியாகவே மொழிபெயர்த்தேன்.

இஞ்சின்காரர் என் பக்கம் திரும்பினார். "கிளாக்கர் ஐயாதான் சாட்சி. அவருதானே பேசுனாரு. நீங்க சொல்லுங்க ஐயா."

துரையும் என்னைப் பார்த்தார். தாழ்வாரத்தில் ஆறு தூண்கள். மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது.

"அப்படி ஒரு பேச்சு நடந்ததா எனக்கு ஞாபகமில்ல" என்றேன். துரைக்கு அதையே ஆங்கிலத்தில் சொன்னேன். இரண்டு மொழியிலும் ஒரே பொய். மொழிபெயர்ப்பில் குறை சொல்ல முடியாது.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் நின்றவர்கள்தான் பேசினார்கள்.

"அப்ப துரை வாக்குக் குடுத்தாருன்னது?"

"கிளப்புல போயி வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு வந்து நமக்குக் கதை விட்டிருக்காருடா."

"சாமி பேர்லயே பொய் சொல்றவரு சூடம் காட்டி நாம ரோலருல கைய விடுறதா?"

இதைச் சொன்னவர் ரோலரில் விரல் போன இரண்டு பேரில் ஒருவர். அவர் சொன்னதும் மற்றவர்கள் அடங்கிவிட்டார்கள்.

அடுத்த நாள் காலை இஞ்சின்காரர் வாசலில் வந்து நின்றபோது யாரும் ரோலர் பக்கம் நகரவில்லை. மூன்றாம் நாள் ரோலர்காரர்களில் ஒருவர் புதுக்கல் ஒன்று கொண்டுவந்து, அவரே சூடம் காட்டினார். ஸ்டோர் ஓடியது. இஞ்சின்காரர் நாலு சாயந்தரம் ஆற்றுப் பள்ளத்தில் இறங்கி மண்ணைக் கிளறிப் பழைய கல்லைத் தேடி எடுத்ததாகக் கேள்விப்பட்டேன். அதை எங்கே வைத்தார் என்று நான் விசாரிக்கவில்லை. மாத முடிவில் என் மேசைக்கு முன்னால் வந்து, "மலை வேலைக்கே போறேங்க ஐயா. கான் வெட்டுறேன்" என்றார். இஞ்சினின் மூச்சைக் காதால் கேட்டவர், மழைநீர் வடியக் கான் வெட்டப் போனார். நான்தான் பெயரை மாற்றி எழுதினேன். அதன்பின் ஏழு வருடம், ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் காலைப் பெரட்டில் அவரைப் பார்த்தேன். ஒருநாளும் "சலாங்க ஐயா" சொல்லத் தவறியதில்லை.

இப்போது கிளப்பை மூடுகிறார்கள். வெள்ளைக்காரத் துரைமார் பெரும்பாலும் போய்விட்டார்கள். சாமான்களுக்குப் பட்டியல் எடுக்க என்னை அனுப்பினார்கள். மெஷின் அதே சன்னல் ஓரம் நின்றது. ஓடி வெகுகாலம் ஆகியிருந்தது. ரப்பர் வளையங்கள் வெடித்துப் போயிருந்தன. புதிதாக வந்திருந்த சின்னதுரை ஒருவர், நம் நாட்டு இளைஞர், காசுத் துளைக்கு மேலிருந்த சிவப்பைக் காட்டி, "இதன் கதை தெரியுமா?" என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். கிளப்பில் வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் காட்டிச் சொல்வதற்காக அதைத் துடைக்காமல் வைத்திருந்தார்களாம். ஒரு கிழவன் வந்து இந்தப் படத்தைச் சாமி என்று கும்பிட்டானாம். ஒரு கண் போதும் என்று சொன்னானாம். பக்கத்தில் நிற்பவள் இரண்டாவது மனைவி என்றானாம். என் சொற்கள், ஒன்றுகூடக் குறையாமல். ஏழு வருடமாக இஞ்சின்காரர் வாயில் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பட்டியலை முடிக்காமலே திரும்பிவிட்டேன். அன்று சாயந்தரம் லயத்துக்குப் போனேன். இஞ்சின்காரர் தன் அறைக்கு வெளியே மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். எழுந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கிளப்பில் சொன்னது, லொறியில் சொன்னது, தாழ்வாரத்தில் சொன்னது.

கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார். "தெரியுமுங்க."

"எப்ப தெரியும்?"

"அன்னைக்கே. நான் சிரிக்கிற மாதிரி சொன்னப்ப அவங்க பேசாம இருந்தாங்க. நீங்க பேசுனதும் சிரிச்சாங்க. சரி, அது பாஷை வேற, நேரமாகும்னு பாத்தேன். அப்புறம் செவுரு விஷயத்தச் சொன்னேன். அதுக்கும் சிரிச்சாங்க. அதுல சிரிக்க என்னங்க இருக்கு? பெல்ட் வழுக்குறது எனக்குக் கேக்காதுங்களா?"

"தெரிஞ்சுமா எல்லார்கிட்டயும் துரை வாக்குக் குடுத்தாருன்னு சொன்னீங்க?"

"லொறியில உங்ககிட்ட கேட்டேன்ல. நீங்க ஆமான்னீங்க. நம்ம லயத்துல பொறந்த புள்ள, ரெண்டாவது தடவயும் பொய் சொல்லாதுன்னு நெனச்சேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் மண்வெட்டிப் பிடியைத் தட்டி இறுக்கினார்.

"எங்கிட்ட சொல்லி என்னங்க ஐயா பண்றது? நடந்தது எனக்குத் தெரியும். பொய்யன்னு சொன்னவங்க ஸ்டோருல இருக்காங்க. பாதிப் பேரு இன்னும் இருக்காங்க. இந்தியாவுக்கு, ஊருக்கே போறதுன்னு முடிவு பண்ணியிருக்கேன். போறதுக்கு முந்தி அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. அது போதும்."

"நாளைக்கே சொல்றேன்" என்றேன்.

ஸ்டோரில் காலை ஆறரைக்குப் பூசை. அதுவரை ஒரு சத்தமும் இருக்காது. ஈரக் கொழுந்தின் வாசம் மட்டும் இருக்கும். ஆறு முப்பத்தைந்துக்கு இஞ்சின் கிளம்பும். அதன்பின் ரோலர் அறையில் காதோடு வாய் வைத்துக் கத்தினால்தான் கேட்கும். இருபது வருடமாக எனக்குத் தெரிந்த நேரம் இது. ஆறரைக்கு நான் அலுவலகத்தில் இருந்தேன். வெப்பநிலை பார்த்தேன். பென்சில் சீவினேன். ஆறு முப்பத்தொன்பதுக்கு ரோலர் அறை வாசலில் போய் நின்றேன்.

பழைய ஆட்கள் ஆறு பேர் இருந்தார்கள். அன்று வாசலில் பேசிய, விரல் இல்லாதவரும் இருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கமாகப் பேசும் குரலில் சொன்னேன். அவர்கள் என் வாயைப் பார்த்தார்கள். ஒருவர் காதைக் காட்டித் தலையை ஆட்டினார். விரல் இல்லாதவர் ஏதோ புதுக் கொழுந்து பற்றிய உத்தரவு என்று நினைத்திருக்க வேண்டும், "சரிங்க ஐயா!" என்று கத்தினார். அந்த ஓசையில் அவர் சொன்னது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் கையை உயர்த்திவிட்டுத் திரும்பி நடந்தேன்.

அன்றைய டயரியில், "ஸ்டோர் ஆட்களிடம் சொன்னேன்" என்று எழுதினேன். சாயந்தரம் இஞ்சின்காரர் வழியில் எதிர்ப்பட்டு, "சொல்லிட்டீங்களா ஐயா?" என்று கேட்டபோதும் ஆமா என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஸ்டோர் இருக்கும் பக்கம் கொஞ்சம் தலையைச் சாய்த்துக் கேட்டார். தூரத்தில் ரோலர் ஓடிக்கொண்டிருந்தது.

"எத்தனை மணிக்குங்க?" என்றார்.